எல்லை தாண்டும் எண்ணெய்க் குழாய்: லாபம் எங்கே, நஷ்டம் யாருக்கு?



மார்கழி மாதக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்தால்தான் இளகும். அதே குணமுள்ள கச்சா எண்ணெய் ஒன்று பூமிக்கடியில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு நாடு. அதன் மேற்குக் கோடியில் ஆல்பர்ட் ஏரி. அந்த ஏரிப் பக்கம் 2006ஆம் ஆண்டில் இந்த எண்ணெயைக் கண்டுபிடித்தார்கள். மெழுகு நிறைந்த எண்ணெய். சுமார் 40 டிகிரி சூட்டுக்குக் கீழே இறங்கினால் ஓடாமல் நின்றுவிடும். அதைக் கடற்கரைக்குக் கொண்டு போக, வழி நெடுக 50 டிகிரி சூட்டில் வைத்திருக்கும்படியாக 1,443 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் பதிக்கிறார்கள். உகாண்டாவில் புறப்பட்டு, டான்சானியா நாட்டைக் குறுக்கே கடந்து, இந்து மகா சமுத்திரக் கரையிலுள்ள டாங்கா துறைமுகத்தில் போய் முடிகிறது.

பயிர் பச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் எண்ணெய்க் குழாய் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் குழாய் போகிற பாதையைப் பார்த்தால் விளங்கும். உகாண்டாவில் 10 மாவட்டங்கள், டான்சானியாவில் 8 மாகாணங்கள். க்யோடேரா, ராக்காய் பக்கம் வாழையும் காப்பியும். கொம்பா, செம்பாபூலே பக்கம் மாடு மேய்க்கிற தரை. எல்லை தாண்டிக் ககேரா மாகாணத்தில் மறுபடியும் வாழை, காப்பி. ஷின்யாங்காவில் பருத்தி. சிங்கிடாவில் சூரியகாந்தி. இத்தனை பேர் நிலத்தின் நடுவே 30 மீட்டர் அகலத்துக்கு, அதாவது சுமார் 100 அடி அகலத்துக்கு, ஒரு பட்டை வெட்டி எடுக்கப்படுகிறது. ஆகவே இது குடியானவர் சங்கதியேதான்.

முதலில் குழாயின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்த்துவிடுவோம். உகாண்டாவுக்குக் கடற்கரை கிடையாது. சுற்றிலும் வேறு நாடுகள். பெட்ரோலும் டீசலும் பெரும்பாலும் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, லாரியில்தான் வந்து சேர வேண்டும். 2022 ஜனவரியில் எல்லையில் லாரிக்காரர்களின் தகராறு ஒன்று வந்தது. உடனே உகாண்டாவில் பெட்ரோல் தட்டுப்பாடு, விலை தாறுமாறாக ஏறியது. அப்படிப்பட்ட நாட்டுக்குத் தன் நிலத்தடியில் எண்ணெய் கிடைத்தால் அதை விற்றுக் காசாக்கத்தான் தோன்றும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

விற்பதற்கு ஏன் குழாய்? லாரியில் கொண்டு போனால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாய்க்கு மேல் அனுப்புவதாகத் திட்டம். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 2 லட்சம் பீப்பாய் என்றே வைத்துக்கொண்டாலும் 3 கோடியே 18 லட்சம் லிட்டர். நம் ஊர் ரோட்டில் போகிற 12,000 லிட்டர் டாங்கர் லாரியில் ஏற்றினால் தினம் 2,650 லாரி வேண்டும். ராத்திரி பகலாக அரை நிமிடத்துக்கு ஒரு லாரி! எத்தனை விபத்து, எத்தனை டீசல் செலவு என்று யோசித்துப் பாருங்கள். குழாயில் போனால் ஓசையில்லாமல் போகும். இரண்டடி விட்டமுள்ள குழாயில் அந்த அளவு எண்ணெய் மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நம்மில் ஒருவர் வேகமாக நடந்து போகிற நடை, அவ்வளவுதான். உகாண்டாவில் ஏறிய எண்ணெய் கடற்கரை சேர ஏறக்குறைய 13 நாள் ஆகும்.

முதலில் கென்யா வழியாகக் கொண்டு போவதாகத்தான் 2015இல் பேச்சு. பாதுகாப்புப் பயம், செலவுக் கணக்கு, டாங்காவில் துறைமுகம் தயாராக இருந்தது என்ற காரணங்களால் 2016 ஏப்ரலில் டான்சானியா வழி முடிவாயிற்று. நாடு விட்டு நாடு குழாய் போடுவது ஆப்பிரிக்காவுக்குப் புதிதல்ல. தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவுக்கு 1,710 கிலோமீட்டர் நீளக் குழாய் 1968இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. புதிது என்னவென்றால், இத்தனை தூரம் மின்சாரத்தால் சூடேற்றி வைத்திருப்பது.

சரி, லாபம் வரும். யாருக்கு எவ்வளவு? இந்தக் குழாய்க் கம்பெனியில் பிரான்ஸ் நாட்டு டோட்டல் எனர்ஜீஸ் நிறுவனத்துக்கு 62 பங்கு. உகாண்டா, டான்சானியா அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்குத் தலைக்கு 15 பங்கு. சீன நிறுவனமான சிநூக்குக்கு மீதி 8 பங்கு. குழாய்ச் செலவு முதலில் சுமார் 350 கோடி டாலர் என்றார்கள். பிறகு ஏறி ஏறி 500 கோடி டாலரையும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் குழாய் வாடகை 12 டாலருக்கு மேல். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், மூட்டைக் கூலியும் வண்டி வாடகையும் தரகும் போக மிச்சம்தான் உற்பத்தி செய்தவர் கைக்கு வரும் அல்லவா, அது மாதிரி. உலகச் சந்தையில் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தால் இந்த வாடகை உறைக்காது. விலை படுத்துவிட்டால் வாடகை குறையாது, நாட்டுக்குக் கிடைக்கிற மிச்சம்தான் குறையும். போதாக்குறைக்கு, குழாய்க் கம்பெனிக்கு ஓட்டம் தொடங்கியதிலிருந்து 10 ஆண்டுக்கு வருமான வரி வேண்டாமென்று உகாண்டா 2021இல் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஊர் வழியாக எண்ணெய்க் குழாய் போனால் ஊரில் பெட்ரோல் மலிவாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. குழாயில் போவது கச்சா எண்ணெய். அதை எந்த மோட்டாரிலும் ஊற்ற முடியாது. கப்பலில் ஏறி வெளிநாட்டுக்குப் போகிறது. உள்நாட்டுத் தேவைக்கு நாளைக்கு 60,000 பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்று கட்டுவது உகாண்டாவின் தனித் திட்டம். அதற்கான ஒப்பந்தமே 2025இல்தான் கையெழுத்தாயிற்று. எண்ணெய் எடுக்கிற பகுதியின் உள்ளாட்சிகளுக்கு அரசுக்கு வரும் ராயல்டியில் 6 சதவீதம் என்று சட்டம் இருக்கிறது. வெறும் குழாய் மட்டும் போகிற ஊர் அந்தப் பட்டியலில் வராது. அந்த ஊர்க்காரருக்குக் கிடைப்பது ஒரே தடவை நஷ்டஈடு, வேலை நடக்கிற காலத்தில் கொஞ்சம் கூலி வேலை, அவ்வளவே. எண்ணெய்ப் பகுதியில் 700 கிலோமீட்டருக்கு அதிகமாக நல்ல ரோடு போட்டிருக்கிறார்கள். ரோடு என்பது விவசாயிக்குப் பெரிய சொத்து. வாழைத்தார் அடிபடாமல் சந்தைக்குப் போகும். அதை லாபக் கணக்கில் தாராளமாக எழுதலாம்.

நாட்டுக்கு வருகிற பணம் நாட்டு ஜனங்களுக்கு வந்து சேருமா என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சாட் என்ற நாட்டிலிருந்து கேமரூன் கடற்கரைக்கு 1,070 கிலோமீட்டர் குழாய் 2003இல் ஓடத் தொடங்கியது. உலக வங்கி கடன் கொடுத்தது. எண்ணெய் வருமானத்தில் 10 சதவீதம் வருங்காலச் சந்ததிக்கு, பெரும்பகுதி பள்ளி, ஆஸ்பத்திரி, விவசாயத்துக்கு என்று கண்டிப்பான சட்டம் போட வைத்தது. எல்லோரும் மெச்சினார்கள். மூன்று வருஷம் கழிவதற்குள் சாட் அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தி, வருங்கால நிதியையே எடுத்துவிட்டது. 2008இல் வங்கியின் கடனை முன்கூட்டியே கட்டி முடித்து, வங்கியும் வெளியேறியது. குழாய் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. சட்டம்தான் நிற்கவில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். என் மனதை மிகவும் உறுத்தியது இந்தப் பகுதிதான்.

குழாய்ப் பாதையில் இரண்டு நாட்டிலும் சேர்த்து 13,000 குடும்பங்களுக்கு மேல் நிலமோ நிலத்தில் ஒரு பங்கோ இழக்கிறார்கள். உகாண்டாவின் அரசியல் சட்டத்தில் 26ஆம் பிரிவு, நிலத்தை எடுப்பதற்கு முன்பே, தாமதமின்றி, நியாயமான நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது. சட்டத்தின் வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். 2018, 2019இல் அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்தார்கள். எத்தனை வாழைக் குலை, எத்தனை காப்பிச் செடி, எத்தனை மாமரம், எத்தனை சமாதி என்று எண்ணி எழுதினார்கள். ஒரு தேதியைக் குறித்து, "இந்தத் தேதிக்குப் பிறகு நட்ட பயிருக்கும் கட்டிய வீட்டுக்கும் காசு கிடையாது. மூன்று மாதத்தில் அறுவடையாகிற பயிர் மட்டும் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக அவசரமாகச் செடி நடுகிறவர்களைத் தடுக்க இப்படி ஒரு தேதி வேண்டியதுதான். ஆனால் தேதி குறித்தவர்கள் பணத்தோடு திரும்பி வந்தது எப்போது? பல பேருக்கு 2021, 2022, 2023. மூன்று வருஷம், நாலு வருஷம்.

இதன் பொருள் குடியானவருக்குத்தான் தெரியும். காப்பிச் செடி காய்ப்புக்கு வர மூன்று வருஷம் ஆகும். 2019இல் பட்டுப்போன செடிக்குப் பதில் புதிதாக நட முடியவில்லை. நாலு வருஷம் கழித்துப் பணம் வந்து, வேறு இடத்தில் நிலம் வாங்கி, அங்கே காப்பி நட்டால் முதல் காய்ப்பு 2026. ஆக, எழுதப்பட்ட தொகை நஷ்டஈட்டுத் தாளில் ஒரு வருஷக் கணக்கு, இழந்தது ஏழு வருஷத்துக் கணக்கு. உகாண்டாவில் ஒரு வாழைத் தோட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பார்கள். சருகு மூடாக்குப் போட்டு, தாத்தா நட்ட பக்கக் கன்றிலிருந்தே பேரன் சாப்பிடுவான். தினசரிச் சாப்பாடே வாழைக்காயை அவித்துச் செய்கிற மட்டோக்கேதான். அந்தத் தோட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பீன்ஸ் மட்டும் போடு என்றால், வீட்டு உலைக்கு என்ன வைப்பது?

இடைப்பட்ட காலத்தில் நிலத்தின் விலையும் ஏறிவிடும். குழாய் வருகிறது, ரோடு வருகிறது என்றாலே பக்கத்து நிலக்காரர் விலையை உயர்த்துவார். இது எந்த ஊரிலும் நடப்பதுதான். பழைய விலையில் பணம் வாங்கினவர் புது விலையில் நிலம் வாங்க வேண்டும். பயிருக்கு விலை வைப்பதற்கு உகாண்டாவில் மாவட்ட நில வாரியம் பட்டியல் வைத்திருக்கிறது. அது வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டியது. பழைய பட்டியல்படி கொடுத்தார்கள் என்பதே பெரிய புகார். தாமதத்துக்காகக் கூடுதல் தொகை சேர்த்துத் தந்ததாகக் கம்பெனி சொல்கிறது. சட்டப்படி இடையூறுப் படி என்று 15 சதவீதமும், ஆறு மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னால் 30 சதவீதமும் சேர்த்துத் தர வேண்டும். டான்சானியாவில் இந்த விஷயத்தில் சட்டம் இன்னும் கொஞ்சம் தெளிவு. ஆறு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் வட்டி ஓடும், இரண்டு வருஷம் தாண்டினால் மதிப்பீட்டையே புதிதாகச் செய்ய வேண்டும்.

பணம் வேண்டாம், நிலத்துக்கு நிலம் கொடு என்று கேட்கிற உரிமையும் இருந்தது. காத்திருக்க முடியாமல் பலர் ரொக்கத்தையே வாங்கிக்கொண்டார்கள். தொகை போதாது என்று வாங்க மறுத்தவர்களும் உண்டு. எண்ணெய்க் கிணற்றுப் பகுதியில் அப்படி மறுத்த 42 குடும்பங்களின் மேல் 2023 டிசம்பரில் அரசே வழக்குப் போட்டது. ஹோய்மா உயர் நீதிமன்றம் நாலே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. நாலு வருஷம் பணத்துக்காகக் காத்திருக்க வைத்தவர்கள், வழக்கென்று வந்தவுடன் நாலு நாளில் காரியத்தை முடித்துக்கொண்டார்கள்!

குழாய் புதைத்த பிறகு மண் என்ன ஆகும் என்று கேட்டால், விவசாய இலாகாக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வளம் எல்லாம் மேலே அரை அடி, ஒரு அடியில்தான். குழி தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக ஒரு பக்கமும், அடிமண்ணை வேறு பக்கமும் குவிக்க வேண்டும். மூடும்போது அடிமண் கீழே, மேல்மண் மேலே. இரண்டையும் கலந்து தள்ளிவிட்டால் அந்தப் பட்டையில் பல வருஷத்துக்கு விளைச்சல் மட்டம்தான். கனத்த இயந்திரங்கள் ஓடி ஓடி மண் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. சரிவான இடத்தில் மழைத் தண்ணீர் குழாய் மேட்டை ஒட்டி ஓடி வாய்க்காலாக அரித்துக்கொண்டு போகும். ஆழ வேர் விடுகிற மரம் எதையும் குழாய் மேல் வைக்க முடியாது. சூட்டைப் பற்றிக் கேட்பீர்கள். குழாயைச் சுற்றிச் சூடு தாங்கும் உறை போட்டிருப்பதால் சூடு பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். சூடு வெளியே போனால் கம்பெனிக்கே கரண்ட் செலவு, ஆகவே அதை அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

கசிந்தால்? பயம் நியாயமானது, ஆனால் அளவு தெரிந்து பயப்பட வேண்டும். இரண்டடிக் குழாயில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் எண்ணெய் நிற்கிறது. பெரிய உடைப்பு ஏற்பட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கும், கட்டுப்பாட்டு அறையில் தெரிந்துவிடும், அடைப்பான்களை மூடலாம். ஆபத்து சின்னக் கசிவில்தான். அனுப்பியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற முறையில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைந்த கசிவைக் கண்டுபிடிப்பது கடினம். இந்தக் குழாயின் ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு என்றாலே நாளைக்கு 3 லட்சம் லிட்டர் ஆகிறது. அதற்காகவே குழாயோடு கூடக் கண்ணாடி இழைக் கம்பி ஒன்றும் பதிக்கிறார்கள். சூடு மாறினாலும், மண் அசைந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊர்ப் பக்கம், கனடாவுக்குப் போகிற குழாய் ஒன்று 2010 ஜூலையில் கிழிந்தது. அந்தக் குழாயில் விரிசல் இருப்பது 2005 சோதனையிலேயே தெரிந்திருந்தது. கிழிந்தவுடன் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கத்தான் செய்தது. குழாயில் ஆவிக் குமிழி அடைத்திருக்கிறது என்று நினைத்து, இரண்டு தடவை பம்பைத் திரும்பப் போட்டார்கள். 17 மணி நேரம் கழித்து வெளியாள் ஒருவர் போன் செய்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் 30 லட்சம் லிட்டருக்கு மேல் ஆற்றில் கலந்துவிட்டது. கனமான எண்ணெய் ஆற்றின் அடியில் போய்ப் படிந்து, சுத்தம் செய்ய வருஷக் கணக்காயிற்று, 100 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று.

உகாண்டா எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. மண்ணில் கசிந்தால் ஆறி, மெழுகாய்க் கெட்டிப்பட்டு, வெகு தூரம் பரவாது. தண்ணீரில் விழுந்தால்தான் தொல்லை, கட்டி கட்டியாக மிதந்து போகும். குழாயின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 460 கிலோமீட்டர், விக்டோரியா ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே போகிறது. ககேரா ஆற்றையும் கடக்கிறது. அந்த ஏரிப் படுகையை நம்பி நாலு கோடிப் பேர் பிழைக்கிறார்கள். ககேரா மாகாணத்தில் 2016 செப்டம்பரில் 5.9 அளவுக்குப் பூகம்பமும் வந்திருக்கிறது. எனக்கு என்னவோ, இவ்வளவு தெரிந்தும் பாதையை ஏரியிலிருந்து இன்னும் விலக்கியிருக்கலாம் என்றுதான் படுகிறது. நீளம் கூடும், செலவு கூடும். ஆனால் ஏரி ஒன்றுதானே இருக்கிறது.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. 2022 செப்டம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் இந்தத் திட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பெரிய வங்கிகள் பல கடன் தர மாட்டோம் என்று ஒதுங்கின. கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, காலம் கடந்து வந்தது என்று 2023 நவம்பரில் தள்ளுபடியாயிற்று. "நீங்கள் நூறு வருஷமாக எண்ணெய் எரித்து முன்னேறிவிட்டீர்கள், எங்கள் முறை வரும்போது தடுக்கிறீர்களே" என்பது உகாண்டா அரசின் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே சமயம் பூமி சூடேறி மழை தப்பினால் முதலில் அடிபடுவது அந்த நாட்டின் மானாவாரி விவசாயிதான் என்பதும் உண்மை. வெளிநாட்டு வங்கிகள் ஒதுங்கியதால் 2025 மார்ச்சில் ஆப்பிரிக்க வங்கிகள் சிலவும் ஓர் இஸ்லாமிய நிதி நிறுவனமும் சேர்ந்து கடனின் முதல் தவணையைக் கொடுத்தன.

என்னைக் கேட்டால், குழாய் வெடிக்குமோ என்பதைவிட, நிச்சயமாக நடந்து முடிந்த நஷ்டம் இந்தக் காத்திருப்பு நஷ்டம்தான். வெடிப்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடாமல் விட்ட செடி காய்க்கப் போவதில்லை. அளப்பதற்கும் பணம் தருவதற்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் விடக்கூடாது என்ற ஒரே ஒரு நிபந்தனையைக் கம்பெனி கணக்கில் முதலிலேயே எழுதியிருந்தால், 500 கோடி டாலர் திட்டத்தில் அது ஒரு சுமையாகவே தெரிந்திருக்காது.

2025ஆம் ஆண்டின் நடுவில் வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மார்ச்சு முதல் மே வரை ஒரு மழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரு மழை. மூடின குழிகளின் மேல் இந்த இரண்டு மழையும் நாலைந்து தடவை பெய்து முடிந்தால், மேல்மண்ணை ஒழுங்காகத் திரும்பப் போட்டார்களா என்பது வயலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த எண்ணெய் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் குழாய் அங்கேயேதான் இருக்கும்.